ஷகிலாவின் பக்கத்துக் கட்டில்

ஜூன் 3, திங்கள்

ரெஜினா மிஸ், முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. கல்லூரியில் எழுதியதெல்லாம் பரீட்சைக்கு எழுதியது, அதில் சொந்த வரி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் எழுதியது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. "புதுசா வர்ற எல்லாரும் மூணு மாசம் எழுதணும். பாத்ததை எழுது, தோணுனதை எழுது. கடைசியில வாங்கி வாசிப்பேன்" என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக வேலைக்கு என்றுதான் வந்தேன். இந்த மருதம் இல்லத்தில் கணக்கு எழுத வந்தவர்கள்கூட முதல் மூன்று மாதம் இங்கே வாழும் பெண்களோடுதான் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, என்னோடு வந்திருந்த இன்னொரு பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. மத்தியானம் அவள் சொல்லாமல் போய்விட்டாள். எனக்குப் பயமாக இல்லை. ஏன் பயமில்லை என்று யாரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

நீங்கள் எல்லா அறையையும் சுற்றிக் காட்டினீர்கள். தானாக நடக்கவோ, உண்ணவோ, உடுத்தவோ முடியாத வளர்ந்த பெண்கள் இத்தனை பேர் இருக்கும் வீட்டில் ஒரு வாடை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ரசம் கொதிக்கும் வாசனைதான் வந்தது. கிழக்கு அறையில் சக்கர நாற்காலியில் இருந்த ஷகிலா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது... எத்தனை நாளைக்கி?" என்று இழுத்து இழுத்துக் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஷகிலாவின் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. அதில் இருந்தவரை அவருடைய தம்பி தூத்துக்குடிக்குக் கூட்டிப் போய்விட்டாராம். விரிப்பில்லாத கட்டில். அங்கே நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, நீங்கள் திரும்பி வந்து கூப்பிட்டீர்கள்.

ஜூன் 5, புதன்

டூட்டி மாறுவதைப் பார்த்தேன். இதைப் போல் எங்கும் பார்த்ததில்லை.

காலையில் வேலை பார்த்தவர்கள் மாலையில் வருபவர்களிடம் விவரம் சொல்லிவிட்டுப் போவது எல்லா இடத்திலும் உண்டு. இங்கே அதை மற்றப் பணியாளரிடம் சொல்வதில்லை. யாரைப் பார்த்துக்கொண்டார்களோ அந்தப் பெண்ணிடமே சொல்கிறார்கள். வருகிறவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் சித்தி என்று கூப்பிடும் பணியாளர் பாக்கியத்தாய், இங்கே வாழும் பெண்களில் ஒருவரான முப்பிடாதியின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, "முப்பிடாதி, நீங்க காலையில இட்லி நல்லா சாப்பிட்டிய. பத்து மணிக்கு என்னைக் கிள்ளுனிய. வலிச்சிது, சொல்லிட்டேன். இடது தோளு செவந்திருக்கு, அதனால ராத்திரி அந்தப் பக்கம் படுக்க வேண்டாம். இப்ப நான் வீட்டுக்குப் போறேன். சரியா?" என்றார்.

முப்பிடாதிக்கு எவ்வளவு புரிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கிள்ளியதைச் சொன்னபோது சிரித்தார்.

"ஆளு முன்னாடியே ஆளைப் பத்தி இன்னொருத்திகிட்ட பேசுனா, அது மாட்டைப் பேசுற மாதிரி" என்று பிறகு சித்தி சொன்னார். எங்கள் வீட்டுக்கு வரும் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். நானும்தான்.

ஜூன் 8, சனி

அம்மா இடுப்பில் பழைய சேலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பீடி சுற்றுகிறாள். கேட்டால் வாயு என்கிறாள்.

ஜூன் 14, வெள்ளி

இன்று திட்டு வாங்கினேன்.

முப்பிடாதியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். சித்தி இன்னொரு ஆளைக் கூப்பிடப் போயிருந்தார். எதற்குக் காத்திருப்பது என்று நானே அக்குளுக்கடியில் கை கொடுத்து, அவர் முழங்காலை என் முழங்காலால் அணைத்து, தூக்கி உட்கார வைத்துவிட்டேன். திரும்பி வந்த சித்தி வாசலிலேயே நின்றார்.

"ஏட்டி, எங்க படிச்ச இதை?"

"எங்கயும் இல்ல சித்தி."

"நல்லாத்தான் செய்யுத. ஆனா இங்க யாரும் ஒத்தையில தூக்கக் கூடாது. மிஸ்ஸே வந்தாலும் ரெண்டு பேருதான். எனக்கு முன்னாடி ஒரு எடத்துல ஒத்தையில தூக்கித்தான் முதுகு போச்சு. போனா வராது, கேட்டியா?"

ஆள் இல்லை என்றால் ஆள் வரும்வரை காத்திருக்கலாம், சாப்பாடு தாமதமானால் பரவாயில்லை, அதற்காக யாரும் ஏசமாட்டார்கள் என்றார். பணியாளரின் முதுகுக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவைக்கும் இடம் இருக்கிறது என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பெயர் சொர்ணம். என்னைவிட ஏழு வயது பெரியவள். நடக்க மாட்டாள், பேச மாட்டாள். அப்பா போன பிறகு அம்மாதான் ஒற்றை ஆளாக அவளைத் தூக்குகிறாள். அம்மாவுக்கு வந்திருப்பது வாயு இல்லை என்று இன்று சித்தி பேசும்போது தெரிந்துகொண்டேன்.

எழுதியிருக்க வேண்டாமோ. தாளைக் கிழித்தால் தையல் விட்டு எதிர்த்தாளும் கழன்று வரும். இருக்கட்டும். ஷகிலாவின் பக்கத்துக் காலிக் கட்டிலைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை.

ஜூன் 22, சனி

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் முப்பிடாதிக்கு நான் ஊட்டினேன். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுக் கீழே இருக்க, நாமும் தாழ உட்கார்ந்து, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் என்று எல்லாம் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். பாதிக்கு மேல் அவர் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. தலையை என் இடது கையில் சாய்த்துப் பிடித்தேன். கன்னத்தை விரலால் அழுத்தினேன். வாய் திறந்ததும் சோற்றை வைத்தேன். அம்மா சொர்ணத்துக்கு அப்படித்தான் ஊட்டுவாள், நானும் பத்து வயதிலிருந்து அப்படித்தான்.

முப்பிடாதிக்கு இருமல் வரவில்லை. முகம் கறுத்தது. கண் பிதுங்கியது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. சித்தி வந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினார். சோறு வெளியே விழுந்தது, பிறகு இருமல், பிறகு அழுகை. அழுதது முப்பிடாதி மட்டுமல்ல.

மிஸ், நீங்கள் ஓடி வந்தீர்கள். வேலை போயிற்று என்று நினைத்தேன். நீங்கள் முதலில் முப்பிடாதியின் முகத்தைத் துடைத்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டு, டாக்டருக்குப் போன் செய்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "டீ குடிச்சிட்டு வா. தனியாப் போகாத, யாராவது கூடப் போங்க" என்றீர்கள். ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

சமையலறையில் சித்தி எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார்.

"தலையைச் சாச்சு, கன்னத்தை அமுக்குத. இது இங்க யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல. வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, சொல்ல வேண்டாம். டீயக் குடி."

மாலையில் டாக்டர் வந்து பார்த்து நுரையீரலுக்குள் எதுவும் போகவில்லை என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு வேறு ஆளை விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கூழ்க் கிண்ணத்தை என் கையிலேயே கொடுத்தீர்கள். "அடுத்த வேளையும் நீதான். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். இன்னிக்கு விட்டுட்டா உனக்கு எப்பவும் பயம், அவளுக்கும் உன்னைக் கண்டா எப்பவும் பயம்." முப்பிடாதி முதலில் முகத்தைத் திருப்பினார். நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நானும். கூழ் ஆறிப்போயிற்று. பிறகு வாயைத் திறந்தார்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டில் சொர்ணத்தை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவுக்குப் பொறுமை இல்லை.

"எனக்குத் தெரியாததையா ஒனக்கு அங்க சொல்லித் தாராவ? இருவத்தொம்பது வருசமா இவ தொண்டையில எறங்குன சோறெல்லாம் யாரு குடுத்தது?"

அம்மா சொன்னது உண்மை.

கிளம்பும்போது சொர்ணத்தின் முன்னால் உட்கார்ந்து, "நான் வேலைக்குப் போறேன், சாயங்காலம் வருவேன், அம்மாவுக்கு இடுப்பு வலி" என்று சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அவகிட்ட என்னட்டி, மனு வாங்க வந்த கலெக்டர் மாதிரி பேசுத?"

சொர்ணம் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்தாள். அம்மாவின் இடுப்பைப் பார்த்தாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பார்த்த மாதிரிதான் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஃபேன். பணியாளர் யாருக்கு முடியவில்லையோ அவர் கூட இருப்பவரிடம் "உள்ள போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்றும் கேட்கக் கூடாது. இதை வைத்துக்கொண்டு வேலையை ஏமாற்ற மாட்டார்களா என்று சித்தியிடம் கேட்டேன்.

"ஒருத்தி ஏமாத்துனா. தெனமும் போய்ப் படுத்தா. நாங்களும் ஒண்ணும் கேக்கல. ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அவ வீட்டுக்காரன் ராத்திரி தூங்க விடாம அடிக்கான்னு. அப்புறம் மிஸ் அவளை இங்கயே தங்க வச்சிட்டாவ."

அம்மாவை அந்தக் கட்டிலில் ஒரு மத்தியானம் படுக்கவைக்க வேண்டும்போல் இருந்தது.

ஜூலை 18, வியாழன்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் லாரி மத்தியானம்தான் வந்தது. அதற்குள் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பணியாளர்கள் விடுப்பு. இன்று எந்த வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை, அதையும் எழுதத்தானே வேண்டும். சாப்பாடு தாமதம், ஷகிலாவை யாரும் கழிப்பறைக்குக் கூட்டிப்போகாமல் சேலை நனைந்துவிட்டது. அவர் அழவில்லை. உங்களைக் கூப்பிட்டு, "இது... என்... தப்பில்ல. எழுதி... வையி" என்றார். "உங்க தப்பில்ல ஷகிலா, எங்க தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு நீங்களே துணி மாற்றினீர்கள். அலுவலகத்தில் யாரோ பெரிய ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். அவர்களுக்கு நான் மோர் கொடுத்தேன்.

ஜூலை 25, வியாழன்

காலிக் கட்டிலுக்கு ஆள் பார்க்க உங்களோடு சுரண்டைப் பக்கம் போனேன்.

நடக்கவும் பேசவும் முடியாத தங்கமாரிக்கு என் வயதுதான் இருக்கும். அம்மா இறந்து நான்கு மாதம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் விட ஆள் இல்லாததால் மகளையும் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார வைத்து, சரிந்து விழாமல் துண்டால் சீட்டோடு கட்டி, நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறார். சிமெண்ட் மூட்டை இறக்கும் இடத்தில், வாழைத்தார் ஏற்றும் இடத்தில், வெயிலில். கட்டிய இடத்தில் தோல் கன்றியிருந்தது. அதைக் காட்டும்போது அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

நீங்கள் தங்கமாரியின் எதிரில் தரையில் உட்கார்ந்தீர்கள். "என் பேரு ரெஜினா. எங்க வீட்டுல ஒரு கட்டில் காலியா இருக்கு. வந்து பாக்கியா?"

"அவளுக்கு ஒண்ணும் வெளங்காது மிஸ். நீங்க எங்கிட்ட கேளுங்க" என்றார் அப்பா.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. அவ சொல்லட்டும்."

நீங்கள் காத்திருந்தீர்கள். எனக்கே சங்கடமாக இருக்கும் அளவுக்குக் காத்திருந்தீர்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். தங்கமாரி உங்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு கையைத் தூக்கி வெளியே நின்ற ஆட்டோவைக் காட்டினாள்.

"ஆட்டோலயே வாறியா? சரி, அப்படியே வா. அப்பா கொண்டாந்து விடுவாரு. பிடிக்கலைன்னா அதே ஆட்டோல திரும்பிப் போயிரலாம்" என்றீர்கள். அவள் சிரித்தாள். அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டீர்கள். "உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க, இசக்கி?"

"அம்மா, நான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மிஸ்."

அவ்வளவுதான் என்று சொன்னேன். ஜன்னல் வழியாகக் காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 26, வெள்ளி

இன்னும் இரண்டு விண்ணப்பங்கள் இருப்பதாகவும், கூட வந்து பார்த்தவள் என்பதால் என் கருத்தும் வேண்டும் என்றும் கேட்டீர்கள். கதவு சாத்தியிருந்தது. நீங்களும் நானும் மட்டும். சொர்ணத்தைப் பற்றி இப்போது சொன்னால் உண்டு, இனி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"தங்கமாரிக்குக் குடுக்கலாம் மிஸ்" என்றேன். "அந்த வீட்டுல வேற கை இல்ல."

எங்கள் வீட்டில் என் கை இருக்கிறது. சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொன்ன பிறகு சமையலறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

தங்கமாரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஹாரன் சத்தம் கேட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கட்டிலில் புது விரிப்பு. ஷகிலா அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "பேசுற... ஆளா... பாத்துப் போடுன்னு... சொன்னேன்ல்லா" என்று உங்களிடம் சண்டைக்கு வந்தார்.

"நீங்க பேசுறதுக்குக் கேக்க ஆளு வேண்டாமா?" என்றார் சித்தி.

ஷகிலா யோசித்தார். "அதுவும்... சரிதான்."

தங்கமாரியின் அப்பாவால்தான் போக முடியவில்லை. முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். சித்தி அவரை உள்ளே கூப்பிட்டு மகளோடு ஒரே பந்தியில் சோறு போட்டார். "லோடு போற வழிதான அண்ணாச்சி. நெனச்ச நேரம் வாங்க. சொல்லிட்டு வரணும்னு இல்ல. சொல்லாம வந்தாத்தான் நாங்க எப்படிப் பாக்கோம்னு ஒங்களுக்குத் தெரியும்." அவர் அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.

விருந்தாளிக்கு மறைக்க ஒன்றுமில்லாத வீடு. நான் பார்த்த முதல் வீடு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள், அதற்கு மேல் முடியவில்லை. சொர்ணம் ஈரத்தில் கிடந்தாள். பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டு இரண்டு பேராகத் தூக்கினோம். மதினிக்குக் கை வைக்க அருவருப்பு. அதையும் சொர்ணம் பார்த்தாள்.

வைத்தியர் இனி கனம் தூக்கவே கூடாது என்றார். தூக்கினால் அம்மாவும் படுத்துவிடுவாள் என்றார்.

ஹோமில் கேட்டுப் பார்க்கட்டுமா என்று முதல்முறையாக அம்மாவிடம் வாயைத் திறந்தேன். அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். "பெத்தவ உசுரோட இருக்கையில ஹோமுல கொண்டு தள்ளிட்டான்னு ஊரு பேசும். நீ படிச்சது இதுக்குத்தானா?"

தாமதமாக வேலைக்குப் போனேன். சித்தி என் முகத்தைப் பார்த்தார்.

"நீயா மிஸ்ஸுகிட்ட சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சித்தி."

"வேண்டாம்னா சரி. முப்பிடாதி ஒனக்காகச் சாப்பிடாம இருக்கா, போ."

ஆகஸ்ட் 21, புதன்

வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை மதினியும் நானும் தூக்குகிறோம். நடுவில் சொர்ணம் கிடந்த கிடையாக இருக்கிறாள். முதுகில் சிவப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

மூன்று மாதம் முடிந்தது. திங்கட்கிழமை முதல் அலுவலகத்தில் உட்காரலாம் என்று சொன்னீர்கள். முப்பிடாதிக்கு மத்தியானம் ஊட்டுவது மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்று கேட்டேன், சரி என்றீர்கள். இந்த நோட்டை நாளை உங்களிடம் கொடுக்க வேண்டும்.

முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். ஒன்று பயமாக இருக்கிறது. இதில் உங்களையும் சித்தியையும் இந்த வீட்டையும் நான் நல்லவிதமாக எழுதியதெல்லாம், இப்போது கேட்கப் போவதற்காக எழுதியது என்று நினைத்துவிடுவீர்களோ என்று. அப்படி இல்லை. நீங்கள் முடியாது என்று சொன்னாலும் அந்த வரிகளில் ஒன்றையும் மாற்ற மாட்டேன். அன்று காரில் அவ்வளவுதான் என்று சொன்னதை மட்டும் மாற்ற வேண்டும். அம்மா, நான், சொர்ணம்.

கட்டில் கேட்கவில்லை. கட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும், அதைக் கொடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. சொர்ணம் பகலில் மட்டும் என்னோடு வந்துவிட்டு இரவில் வீட்டுக்குத் திரும்ப முடியுமா, அடுத்த கட்டில் காலியாகும்வரை காத்திருக்க வேண்டுமா, அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அம்மா வேண்டாம் என்கிறாள். நான் வேண்டும் என்கிறேன். இரண்டு பேரும் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, சாப்பிடாமல் படுத்து எல்லாம் ஆயிற்று. நேற்று ராத்திரிதான் எனக்குத் தோன்றியது, யாரைப் பற்றிச் சண்டை போடுகிறோமோ அவளிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை கேட்கலாம் என்று அவள் முன்னால் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. நான் கேட்டால் எனக்கு வேண்டிய பதிலைத்தான் அவள் முகத்தில் தேடுவேன். அம்மா கேட்டாலும் அப்படித்தான்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் மிஸ். அம்மா ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், டீ போட்டுக் கொடுப்பாள். நீங்கள் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் கேளுங்கள். பதில் வர நேரமாகும். இருந்து வாங்கிக்கொண்டு போங்கள்.